அக்கா கேள்வி கேட்காத காலம்

பிள்ளை பெறப் போகிறவள் வலியில் கத்துவாள், புருஷனைத் திட்டுவாள், சாமியைக் கூப்பிடுவாள். என் அக்கா யோகேஸ்வரி மூத்தவனைப் பெற்றெடுத்த அன்று தாதியிடம் கேட்ட முதல் கேள்வி, பிள்ளையின் கையில் மாட்டுகிற பிளாஸ்டிக் வளையம் சாவி இல்லாமல் எப்படிப் பூட்டிக்கொள்கிறது என்பதுதான். கூட நின்ற எனக்கு மானம் போயிற்று. தாதி மலாய்க்காரப் பெண், நல்லவள். சிரித்துவிட்டு இன்னொரு வளையத்தை எடுத்து வந்து பூட்டிக் காட்டினாள். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து முடித்த பிறகுதான் அக்கா பிள்ளையைக் கையில் வாங்கினாள்.

நான் அவளுக்கு அடுத்தவள், மலர். பத்து பாகாட் என்கிற எங்கள் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் கேன்டீன் நடத்துகிறேன். மணி அடிப்பதற்குள் மீ நூடுல்ஸ் வெந்தாக வேண்டும், தண்ணீர் கலந்தாக வேண்டும். எதையும் நின்று பார்க்க எனக்குப் பொறுமை கிடையாது. விளக்கு எரிந்தால் சரி, அது ஏன் எரிகிறது என்று தெரிந்து நான் என்ன செய்யப் போகிறேன்? எங்கள் இரண்டு பேரையும் பார்த்து அம்மாவே சொல்லுவாள், "இவ கேக்க வேண்டியதையும் சேத்து அவளே கேட்டுட்டா."

அம்மா வேலை பார்த்த ரப்பர் தோட்டம் கைமாறி நாங்கள் டவுனுக்கு வந்தபோது அக்காவின் படிப்பு நின்றுவிட்டது. துணி கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைக்கிற வேலை. காலரைத் தைத்தோமா, வீட்டுக்கு வந்தோமா என்று இருக்க அவளால் முடியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மற்ற மேசைகளைச் சுற்றி வந்து, கை எப்படி ஒட்டுகிறார்கள், பொத்தான் துளை எப்படி விழுகிறது என்று கேட்டுக்கொண்டிருப்பாள். வேறு கம்பெனிக்காரன் அனுப்பிய ஆளோ என்று சூப்பர்வைசருக்கே முதலில் சந்தேகம் வந்ததாம். குப்பைக்குப் போகிற லேஸ் துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்து பூ செய்தாள். அந்தப் பூக்களை வைத்துப் பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு மணவறை ஜோடித்தாள். வந்தவர்கள் பார்த்தார்கள், அடுத்த கல்யாணத்துக்குக் கூப்பிட்டார்கள். கொஞ்ச வருஷத்தில் கம்பெனியை விட்டுவிட்டு அதையே தொழிலாக எடுத்துக்கொண்டாள். மாமா, அதாவது அவள் புருஷன் சுகுமாறன், லாரி ஓட்டுகிறவர். மணவறை சாமான் ஏற்ற லாரி தயாராக இருந்தது, நடுவழியில் "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று அவள் கத்தினால் நிறுத்துவதற்குப் பொறுமையும் அவரிடம் இருந்தது.

அவளுடைய மணவறை எப்படி இருக்கும் என்று கேட்டால், ஒன்று போல் இன்னொன்று இருக்காது என்பதுதான் பதில். எங்கேயாவது எதையாவது பார்த்துவிட்டு வருவாள். ரொட்டி ஜாலா என்கிற வலை தோசை விற்கிற மலாய்க்கார அம்மாவிடம், அடியில் ஓட்டை போட்ட அந்தக் குவளையால் மாவை எப்படிச் சுழற்றினால் வலை வலையாக விழுகிறது என்று நின்று கற்றுக்கொண்டாள். வீட்டுக்கு வந்து மாவுக்குப் பதில் பசையை ஊற்றி, பிளாஸ்டிக் தாள் மேல் சுழற்றிக் காயவைத்து உரித்தாள். அப்படியே லேஸ் திரை! ரூபேந்திரன் என்கிற பையனின் மூத்த அண்ணன் கல்யாணத்தில் அந்தத் திரைதான் பின்னால் தொங்கியது. இந்த ரூபேந்திரனை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் எனக்கு மருமகனாக வருவான். ஒரு தடவை காற்றில் முறிந்த குடைகளைச் சேர்த்துப் பிரித்து, கம்பிகளைத் தாமரையாக விரித்தாள். வீட்டில் மழைக்குப் பிடிக்க ஒரு குடை இல்லை. மாமா தலையில் பையைக் கவிழ்த்துக்கொண்டு போவார்.

நான் சும்மா இருக்க மாட்டேன். "அலமாக், ஒனக்கு வேற வேலையே இல்லயாக்கா? கேட்டுக் கேட்டு எல்லாரும் ஓடப் போறாங்க" என்பேன். யாரும் ஓடியதில்லை என்பதும் உண்மை. அவள் கேட்கிற விதம் அப்படி. கேட்டுவிட்டு வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். பதில் சொல்கிறவருக்கு அன்றைக்குத் தன் வேலை மேலேயே ஒரு பெருமை வந்துவிடும்.

வினை, ஓங் என்கிற சீன அங்கிளின் கடையில் வந்தது. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சீனர்கள் இறந்தவர்களுக்காக எரிக்கிற காகித வீடு, காகிதக் கார், காகித டெலிபோன் எல்லாம் செய்கிற கடை அது. மூங்கில் சிம்புகளை ஆணி இல்லாமல், கம்பி இல்லாமல், முறுக்கிய காகிதத்தாலேயே கட்டி ஆள் உயர வீட்டை நிறுத்துவார். ஒரு விரலால் தூக்கலாம், அவ்வளவு லேசு. அக்காவுக்குக் கண் விரிந்துவிட்டது. போய்ப் போய்ப் பார்த்து அந்தக் கட்டைக் கற்றுக்கொண்டு, மூர்த்தி என்பவருடைய மகள் கல்யாணத்துக்கு ஒரு ஜோடி மயில் செய்தாள். கடையில், நடுவில் பொன் தகடு ஒட்டிய காகிதக் கட்டுகளும் இருந்தன. அது எதற்கு என்று கேட்டாள். பொன் சாமிக்கு, வெள்ளி இறந்தவர்களுக்கு என்றார் அங்கிள். சாமிக்குத்தானே, கல்யாணத்தில் சாமி இல்லாமலா என்று அந்தப் பொன் காகிதத்தை மயில் தோகை முழுக்க ஒட்டிவிட்டாள்.

என்ன ஜொலிப்பு என்கிறீர்கள்! மண்டபத்தில் நுழைந்தவர்கள் எல்லாரும் போனைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். பிறகு மூர்த்தியின் தவுக்கே, அவருடைய சீன முதலாளி, வந்தார். மூர்த்திக்குக் கல்யாணமாவதற்கு முன்பிருந்தே அவரிடம்தான் வேலை. தவுக்கேயின் வயதான தாயாரும் கூட வந்திருந்தார். அந்த அம்மா மணவறையை நிமிர்ந்து பார்த்தார், மகன் கையைப் பிடித்தார், திரும்பி வெளியே நடந்தார். சாமிக்கானாலும் சரி, யாருக்கானாலும் சரி, எரிப்பதற்காக உள்ள காகிதம் பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காரும் இடத்தில் தலைக்கு மேல் தொங்கினால் அவர் என்ன செய்வார்? தவுக்கே மன்னிப்புக் கேட்டுக்கொண்டே தாயின் பின்னால் ஓடினார்.

மூர்த்தி எல்லார் முன்னாலும் கத்தினார். "எரிக்கிறதக் கொண்டாந்து எம்மவ தலைக்கு மேல கட்டியிருக்கீங்களே! தெரியாததுல ஏம்மா மூக்க நுழைக்கிறீங்க?"

"பொன்னு சாமிக்குன்னு சொன்னாங்க..." என்று அக்கா தொடங்கினாள். அதைக் கேட்க அங்கே யாருக்கும் காது இல்லை. அவளே ஏணியில் ஏறி இரண்டு மயிலையும் இறக்கினாள்.

அந்தக் கல்யாணத்துக்கு ஒரு குறையும் வரவில்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் இன்றைக்கும் நன்றாக இருக்கிறார்கள். அக்கா தவுக்கே வீட்டுக்குப் போய் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டாள். அவர் டீ கொடுத்து, கை நிறைய ஆரஞ்சுப் பழம் கொடுத்து அனுப்பினார். வாட்ஸ்அப்பில் மயில் படம் கொஞ்ச நாள் சுற்றியது, பிறகு வேறு ஏதோ சுற்றியது. ஊர் மறந்துவிட்டது. அக்காதான் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் எதையும் கேட்கவில்லை.

உண்மையைச் சொன்னால், முதலில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அவளோடு சந்தைக்குப் போனால் போன வேலை முடிந்து உடனே திரும்பினோம். மணவறைக்கு பிளாஸ்டிக் பூவும் தூணுமாக ஒரு ரெடிமேட் செட்டை வாங்கிவிட்டாள். வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று. யார் கூப்பிட்டாலும் அதைக் கொண்டுபோய் மாட்டிவிட்டு வருவாள். ஆர்டருக்கும் குறைவில்லை, புகாரும் இல்லை. ஆனால் நாளாக நாளாக எனக்குள் ஒரு பயம் வந்தது. ரொட்டி ஜாலா அம்மா புதிதாக ஏதோ பித்தளைக் குவளை வைத்திருந்தார். அக்கா அதைப் பார்க்காமல் காசைக் கொடுத்துவிட்டுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நடந்தாள். நான்தான் அந்தக் குவளையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன்.

ஒரு நாள் மாமா கேன்டீனுக்கே வந்துவிட்டார். அவர் அங்கே வந்ததே இல்லை.

"மலரு, ஒங்க அக்கா ஒன்னுமே கேக்க மாட்டேங்குறா" என்றார். "லாரி வைப்பர் மோட்டார் ஒன்னு கழட்டி சாப்பாட்டு மேச மேல வச்சேன். வேணும்னுதான் வச்சேன். எடுத்து ஓரமா வச்சிட்டு மேசயத் தொடைக்கிறா."

அவர் கண் கலங்கியிருந்தது. இத்தனை வருஷமாக அந்தக் கேள்விகளால் அவஸ்தைப்பட்டவர் வந்து, ஒரு கேள்வி கேட்க வைத்துக் கொடு என்கிறார். கிளினிக்குக்கு அழைத்துப் போனோம். சர்க்கரை சரி, பிரஷர் சரி, தைராய்டும் சரி. டாக்டர் நன்றாகத் தூங்கச் சொன்னார். அவள் நன்றாகத்தான் தூங்கினாள். அதுதான் எங்களுக்குக் கவலை. முன்பெல்லாம் ஏதாவது ஒன்றை யோசித்துக்கொண்டு புரண்டு கொண்டிருப்பாள்.

இந்த நேரத்தில்தான் என் மகள் லோஷினிக்கும் ரூபேந்திரனுக்கும் நிச்சயமாயிற்று. இரண்டு பேரும் ஜொகூர் பாருவில் ஒரே இடத்தில் வேலை, அவர்களே பார்த்துப் பேசி முடித்துவிட்டார்கள். பையன் வீடு மெர்சிங். லோஷினி போட்ட ஒரே நிபந்தனை, மணவறையைப் பெரியம்மாதான் ஜோடிக்க வேண்டும் என்பது. அக்காவிடம் போய்க் கேட்டேன்.

"அந்த செவப்பு செட்டப் போட்டுடலாம் மலர். புதுசாத்தான் இருக்கு."

"அவ ஒன்னோட ஜோடனையக் கேக்குறாக்கா. செட்ட இல்ல."

"எனக்கு ஒன்னும் தோணல" என்றாள். பிகு பண்ணவில்லை. உண்மையாகவே தோணவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. வீட்டுக்கு வந்து அழுதேன். மணவறைக்காக இல்லை, செட்டோ கிட்டோ எதையாவது போட்டால் தாலி ஏறிவிடும். என் அக்கா இப்படியே இருந்துவிடுவாளோ என்றுதான்.

சம்பந்தி வீட்டில் நாள் பேச மெர்சிங் போனோம். லோஷினியின் அப்பா இல்லாததால் நான், மாமா, அக்கா மட்டும். செல்லப்பன், ரூபேந்திரனின் அப்பா, தீவுகளுக்குப் போகிற படகுகளுக்கு டிக்கெட் விற்கிற கடை வைத்திருக்கிறார். அவர் கடையைப் பூட்டிவிட்டு வரும்வரை, படகுத்துறை ஜெட்டி பக்கம் காற்றாட நில்லுங்கள் என்றார்கள். அங்கே ஒரு மலாய்க்காரப் பெரியவர், தரையில் உட்கார்ந்து பெரிய கூண்டு ஒன்றைப் பின்னிக்கொண்டிருந்தார். வளைந்த பிரம்பும், சுற்றிலும் கம்பி வலையும். உள்ளே ஒரு ஆளே உட்காரலாம். முன்னைய அக்காவாக இருந்தால் இந்நேரம் அவர் மடியிலேயே உட்கார்ந்திருப்பாள். இவள் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எனக்கு ஆத்திரம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. நேரே அந்தப் பெரியவரிடம் போனேன். வாழ்க்கையில் நான் இப்படி யாரையும் கேட்டதில்லை. எனக்குத் தெரிந்த கேன்டீன் மலாயில், பெரியவர்களைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டுக் கேட்டேன், "பக்சிக், இது கோழி அடைக்கிறதா?"

பெரியவர் என்னைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். "மீன் பிடிக்கிற பூபு" என்றார்.

"ஓ. செய்யக் கஷ்டமா?"

"கஷ்டம்தான்."

"ரொம்ப நாளாச் செய்றீங்களா?"

"ரொம்ப நாளா."

அவ்வளவுதான். எனக்கு அதற்கு மேல் கேள்வி கிடைக்கவில்லை. வெயிலில் அசடு வழிய நின்றேன். "இத... கழுவுவீங்களா?" என்று கேட்டேன். எங்கிருந்து அது வாயில் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

பின்னால் பெருமூச்சு விடும் சத்தம் கேட்டது.

"ஏய், என்னா கேள்வி இது? அவரு வேலய விட்டுட்டு ஒனக்குப் பதில் சொல்லணுமா?" என்றாள் அக்கா. "கேக்குறதுன்னா ஒழுங்காக் கேளு. இவ்ளோ மொத்தப் பெரம்பு எப்படி வெடிக்காம வளஞ்சிச்சுன்னு கேளு."

"எனக்குத் தெரியாதுக்கா. நீ கேளு."

"நீதானே ஆரம்பிச்ச."

"எனக்கு மலாய் பத்தல."

அவள் என்னை முறைத்தாள். பிறகு குனிந்து அந்தப் பிரம்பைத் தொட்டாள். வளைவின் உள்பக்கம் லேசாகக் கருத்திருந்த இடத்தில் கட்டை விரலால் தேய்த்தாள். "பக்சிக், இத நெருப்புல காட்டினீங்களா?" என்றாள்.

பெரியவர் கையிலிருந்த குறட்டைக் கீழே வைத்துவிட்டார்.

நான் மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஜெட்டி தூணைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே உட்கார்ந்தார்.  நாங்கள் வாயைத் திறந்தால் அவள் கேட்பது எங்கே நின்றுவிடுமோ என்று எங்களுக்குப் பயம். எவ்வளவு சூடு, எண்ணெய் தடவ வேண்டுமா, ஆறும்வரை எதில் கட்டிவைப்பது, உள்ளே போன மீன் ஏன் வெளியே வர முடிவதில்லை என்று அவள் கேட்டுக்கொண்டே போனாள். பெரியவர் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே போனார். உள்ளே புனல் மாதிரி குறுகிப் போகிற ஒரு வாய் இருக்கிறதாம், அதில் நுழைந்தால் திரும்ப வழி கிடையாதாம். அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அந்தக் கூண்டுக்குள் தலையை விட்டே பார்த்துவிட்டாள். சம்பந்தி வீட்டுக்குப் போட்டுக்கொண்டு வந்த பட்டுப் புடவை. அது கிடக்கட்டும், அப்பாடா என்றிருந்தது எனக்கு.

கடைசியில் அவள் கேட்ட கேள்வியைத்தான் நான் மறக்க மாட்டேன். "பக்சிக், இதக் கல்யாணத்துல அலங்காரமா வச்சா, யாருக்காவது மனசு சங்கடப்படுமா?"

பெரியவர் சிரித்து, அது மாப்பிள்ளை வீட்டைக் கேட்க வேண்டிய கேள்வி என்றார்.

"அதயும் கேக்கணும்" என்றாள் என்னிடம். "மயிலுக்கு எல்லாத்தயும் கேட்டேன் மலர். இதக் கேக்கல."

கேட்கட்டும் என்று ஜெட்டியில் சொல்லிவிட்டேன். சம்பந்தி வீட்டு நாற்காலியில் உட்கார்ந்ததும் எனக்கு நினைப்பு மாறிவிட்டது. இப்போதுதான் நாள் பேச வந்திருக்கிறோம். உங்கள் மகன் கல்யாணத்தில் மீன் கூண்டைத் தொங்கவிடலாமா என்று கேட்டால், பிள்ளையைப் பிடித்துப் போட வந்தோம் என்று நினைக்க மாட்டார்களா? அந்த மனிதர் ஒரு வார்த்தை முகம் சுளித்துச் சொல்லிவிட்டால், இப்போதுதான் வாயைத் திறந்தவள் மறுபடி மூடிக்கொள்வாளே! டீ வந்தது. அக்கா டீயைத் தொடவில்லை.

"சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. ஒன்னு கேக்கணும்" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மயில் கதையையும் சேர்த்தே சொன்னாள். "அதனாலதான் மொதல்லயே கேக்குறேன். வேணாம்னா விட்டுடுறேன்."

செல்லப்பன் தன் கோப்பையைக் கீழே வைத்தார். மனைவியைப் பார்த்தார். மாமா டீ கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எங்க ஊரு சாமான மணவறையில வைக்கணும்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல லா" என்றார் செல்லப்பன். "வைங்க. ஆனா ஒன்னு."

நான் அக்காவைப் பார்த்தேன்.

"அந்த உள்வாய மட்டும் எடுத்துருங்க. அதுல போனா திரும்ப முடியாது. மருமவ அம்மா வீட்டுக்கு நெனச்சப்பப் போகணும், வரணும்ல."

நான் மகளைப் பெற்றவள். பையனைப் பற்றி விசாரித்திருந்தேன், குடும்பத்தைப் பற்றி விசாரித்திருந்தேன், எல்லாம் செய்தும் மனதின் மூலையில் ஒரு முள் இருந்தது. அது அந்த நாற்காலியிலேயே விழுந்துவிட்டது. அக்கா ஒரே மடக்கில் டீயைக் குடித்துவிட்டு, இஞ்சியைத் தட்டிப் போட்டீர்களா, அரைத்துப் போட்டீர்களா என்று சம்பந்தி அம்மாவிடம் கேட்டாள்.

கல்யாணம் போன மாதம் நடந்தது. வளைத்த பிரம்பில் கம்பி வலை போட்டு, சின்னதும் பெரியதுமாகக் கூண்டுகள், எல்லாவற்றுக்கும் வாய் திறந்தே இருந்தது. உள்ளே மல்லிகைச் சரமும் விளக்கும். விளக்கைப் போட்டதும் வலையின் நிழல் மண்டபத்துக் கூரை முழுக்க விழுந்து அசைந்தது. மெர்சிங்கிலிருந்து வந்தவர்கள் அண்ணாந்து பார்த்து, "நம்ம பூபு! நம்ம பூபு!" என்று குழந்தைகள் மாதிரி கத்தினார்கள். செல்லப்பன் ஒவ்வொருவராக அழைத்து வந்து, உள்வாய் இல்லாததைக் காட்டிக்கொண்டிருந்தார்.

கெட்டிமேளம் கேட்டது. ரூபேந்திரன் தாலியை எடுத்தான், லோஷினி தலை குனிந்தாள்.  அட்சதை கையில் இருந்தது. அந்த நேரம் பார்த்து, பக்கத்தில் நின்ற அக்கா என் முழங்கையைச் சுரண்டினாள்.

"மலர், அந்தத் தவில்காரரு வெரல்ல மாட்டியிருக்காரே கூடு, அது எதுல செஞ்சது? மாவா, துணியா?"

முன்பு என்றால் கடித்துக் குதறியிருப்பேன். பெற்ற மகளுக்குத் தாலி ஏறுகிற நேரத்தில் கேட்கிற கேள்வியா இது? எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற அழுகை என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். ஒரு அம்மா வந்து என் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

"தெரியலக்கா" என்றேன். "இரு, அட்சதயப் போட்டுட்டுப் போய்க் கேப்போம்."